திப்புவின் சொத்துக்கு வில்லங்கம் பார்த்தவன்

நான் கிருஷ்ணகிரியில் பத்திர எழுத்தர். ஒரு மனை கைமாறுகிறது என்றால் மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது, யார் யார் கையில் இருந்து வந்தது, நடுவில் அடமானம் உண்டா, கையெழுத்துப் போடாத வாரிசு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று துருவிப் பார்ப்பதுதான் பிழைப்பு. அந்தத் துருவல் புத்தி எப்போதோ திப்பு சுல்தான் குடும்பத்துச் சொத்துப் பக்கம் திரும்பிவிட்டது. இன்று வரை விடவில்லை. 'செத்துப்போன சுல்தானுக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போடுகிற வேலை' என்பாள் என் மனைவி. ஏறக்குறைய அதுதான்.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு இந்தப் பித்துப் பிடிக்கப் பெரிய காரணம் வேண்டியதில்லை. எங்கிருந்து பார்த்தாலும் சையத் பாஷா மலை தெரியும், மலைமேல் கோட்டை தெரியும். விஜயநகரக் காலத்துக் கோட்டை, பிறகு திப்புவின் அப்பா ஹைதர் அலி கைக்கு வந்தது. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற ஆங்கிலத் தளபதி இதைப் பிடிக்க இரவில் படையை ஏவினார். மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகளுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பிப் போனார். என் பாட்டி சொன்ன கதையில் மாக்ஸ்வெல் கிடையாது. சுரங்கம் உண்டு. மலைக்குள் நுழைந்தால் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வெளியே வரலாமாம், வழியில் அறை அறையாகப் பொன் குவித்து வைத்திருக்கிறார்களாம். இதே சுரங்கத்தை ராயக்கோட்டையிலும் சொன்னார்கள், தேன்கனிக்கோட்டையிலும் சொன்னார்கள், வேலூரிலும் சொன்னார்கள். இத்தனை சுரங்கம் வெட்டியிருந்தால் திப்புவிடம் சண்டை போட ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

கதை கேட்டுக்கொண்டிருந்தவனைத் தாளைப் புரட்ட வைத்தது 1792ஆம் வருஷம். மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு, அந்த மார்ச் மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார். பாதி ராஜ்ஜியம் போயிற்று. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அது கட்டி முடியும்வரை அப்துல் காலிக், முயிசுத்தீன் என்ற இரண்டு சிறு பிள்ளைகளைப் பிணையாக ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்து 1794இல்தான் பிள்ளைகள் திரும்பினார்கள். அந்தப் பாதி ராஜ்ஜியத்தில் ஒரு துண்டு பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கேப்டன் அலெக்சாண்டர் ரீடை அனுப்பியது. அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, தருமபுரியில் வீடு போட்டுத் தோட்டம் வளர்த்துக்கொண்டு இருந்தார். இவர்கள் வயல் வயலாக அளந்து, குடியானவன் பெயரிலேயே தீர்வை போட்டதில் இருந்துதான் ரயத்துவாரி முறை வளர்ந்தது. அப்படிப் பார்த்தால் நான் தினமும் எழுதுகிற பட்டா நம்பருக்கெல்லாம் மேலே போய்க்கொண்டே இருந்தால், ஒரு தோற்றுப்போன ராஜாவின் கையெழுத்தில் போய் நிற்கும். இது தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

சரி, பொக்கிஷத்துக்கு வருகிறேன். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கோட்டைக்குள் சண்டையில் இறந்தார். அன்று இரவெல்லாம் சூறை. அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். கொள்ளைப் பொருளுக்கென்றே அதிகாரிகளை நியமித்து, எண்ணி, விலை போட்டு, பதவிக்குத் தகுந்த மாதிரிப் பங்கு பிரித்தார்கள். முறையான பாகப்பிரிவினை. தலைமைத் தளபதி ஹாரிஸுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டுக்கு மேல், சாதாரண சிப்பாய்க்குச் சில பவுண்டு. பங்கு போட வசதியாக இருக்கட்டும் என்று திப்புவின் தங்கச் சிம்மாசனத்தையே வெட்டித் துண்டாக்கினார்கள். எண்கோண மேடை, மரத்தின் மேல் தங்கத் தகடு, நிஜப் புலியின் அளவில் ஒரு புலித்தலை, மேலே கல் பதித்த ஹூமா என்ற கற்பனைப் பறவை, கைப்பிடிச் சுவரில் எட்டுச் சிறு புலித்தலைகள். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அதை முழுசாக இங்கிலாந்து ராஜாவுக்கு அனுப்ப ஆசைப்பட்டாராம். அதற்குள் உடைத்துவிட்டார்கள்.

அந்தத் துண்டுகளின் பின்னால் போனவனுக்குத்தான் என் தொழிலின் அருமை தெரிந்தது. பெரிய புலித்தலையும் ஹூமா பறவையும் வின்ட்சர் அரண்மனையில், ராஜ குடும்பத்துச் சேகரிப்பில் இருக்கின்றன. புலியின் பல் படிகக் கல். சிறு தலைகளில் ஒன்று வேல்ஸில் போவிஸ் கோட்டையில். திப்பு இறந்த சமயம் மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அந்த வீட்டுச் சொத்து அது. அவர் மனைவி ஹென்ரியெட்டா 1800இல் மெட்ராஸில் இருந்து கிளம்பி ஸ்ரீரங்கப்பட்டணம் வரை ஊர் சுற்றி வந்தவர், பொருள் சேர்ப்பதில் ஆர்வம் அதிகம். திப்புவின் பூப்போட்ட சீட்டித் துணிக் கூடாரம் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. இன்னொரு தலை வடக்கு இங்கிலாந்தில் பெதர்ஸ்டோன் கோட்டை என்ற வீட்டில் கிடந்து, 2009இல் ஏலத்துக்கு வந்து 3,89,600 பவுண்டுக்குப் போயிற்று. 2021இல் அப்படி ஒரு தலைக்கு 15 லட்சம் பவுண்டு மதிப்புப் போட்டு, நாட்டை விட்டு வெளியே போகாதபடி பிரிட்டிஷ் அரசே தற்காலிகத் தடை போட்டது. இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சிரித்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு அது வெளியேறியபோது தடை போட ஆள் இல்லை.

இந்த மாதிரித் தேட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பொருளின் அழகைப் பார்க்காதீர்கள், அடுத்து யார் கைக்குப் போனது என்று மட்டும் கேளுங்கள். ஒரு கை விட்டுப்போனாலும் சந்தேகப்படுங்கள். மரப்புலியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியன் ஒருவனைக் கடித்துக்கொண்டு நிற்கிற, கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமி ஆள் முனகுகிற அந்த எந்திரம், 1799இல் அரண்மனையில் எடுத்தது. 1808இல் லண்டனில் கம்பெனியின் காட்சிக்கூடத்தில் இருந்தது. 1880இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் கூரை விழுந்து சுக்குநூறாகி, ஒட்டவைத்து மறுபடி வைத்தார்கள். அருங்காட்சியக எண் 2545. ஒவ்வொரு கைக்கும் தாள் இருக்கிறது. சுத்தமான வில்லங்கச் சான்று.

2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்குப் போன திப்புவின் படுக்கையறை வாளுக்கும் தொடக்கம் பலமானது. கோட்டைத் தாக்குதலை நடத்திய டேவிட் பேர்டுக்குப் படை சார்பில் கொடுத்த வாள் அது. இந்த பேர்ட், 1780இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூர்ச் சண்டையில் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை வருஷத்துக்கு மேல் கைதியாகக் கிடந்தவர். வாளை விட இந்தத் தகவல் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் 2014இல் 1,45,000 பவுண்டுக்கு விற்ற, தேவநாகரியில் 'ராம்' என்று வெட்டிய தங்க மோதிரத்தைப் பற்றிக் கேட்டால் நான் தலையைச் சொறிவேன். அது ராக்லன் பிரபு குடும்பத்தில் இருந்தது, அந்தக் குடும்பத்தில் ஒருவர் வெல்லிங்டனின் அண்ணன் மகளைக் கட்டியவர், வெல்லிங்டன் அன்றைக்கு ஆர்தர் வெல்லெஸ்லியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தவர். இது வரைக்கும் சரி. திப்புவின் விரலில் இருந்து கழற்றியது என்பது மட்டும் வாய்ச்சொல். அதை வைத்துக்கொண்டு ஒரு கட்சி அவரை மகாத்மா ஆக்குகிறது, இன்னொரு கட்சி மோதிரமே பொய் என்கிறது. சிருங்கேரி மடத்துக்கு அவர் எழுதிய கடிதங்களும் உண்மை, குடகிலும் மலபாரிலும் அவர் படை செய்ததும் உண்மை. ஒரே ஒரு மோதிரத்தை வைத்து ஆளை எடைபோடுவது எனக்குச் சம்மதமில்லை.

விலை உயர்ந்தவற்றை விட எனக்கு ஆசை அவருடைய கனவுப் புத்தகத்தின் மேல். பாரசீகத்தில், தன் கையாலேயே 37 கனவுகளை எழுதி வைத்திருக்கிறார். படுக்கையறையில் கிடைத்தது, இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். அவர் சேர்த்த புத்தகங்களே ஏறக்குறைய இரண்டாயிரம். அவற்றுக்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் போட்ட பட்டியல் 1809இல் அச்சானது. பாதிக் கொள்ளைக்கு இப்படி ஒழுங்கான பட்டியல் இருப்பது விசித்திரம்தான். நமக்கு அதுவே பிடிமானம்.

லண்டன் போக நமக்கு வசதி இல்லை, கையில் ஒரு பொருளாவது வேண்டும் என்றால் செப்புக் காசு இருக்கிறது. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்து. இந்தப் பக்கத்துப் பழைய பாத்திரக் கடைகளிலும் பெங்களூருக் கடைத்தெருவிலும் அசலும் கிடைக்கும், அதைவிடப் பத்து மடங்கு போலியும் கிடைக்கும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற உருது வாத்தியார் ஒருவர். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் எழுத்துக்கூட்டிப் படித்த சாயங்காலங்கள் நிறைய. முதல் பாடமாக அவர் சொன்னது, "காசுல திப்பு பேரைத் தேடாதீங்க தம்பி, இருக்காது." உண்மை. திப்பு தன் காசில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பெயர் போட்ட காசு சுற்றுலாப் பயணிக்காகச் செய்தது.

அடுத்தது வருஷம். 1787 வாக்கில் திப்பு ஹிஜ்ரியை விட்டு, மௌலூதி என்று தனியாக ஒரு ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அந்தக் காசுகளில் இலக்கத்தை வலமிருந்து இடமாகப் போட்டிருப்பார்கள். நம் வழக்கப்படி படித்தால் 8121 என்று வருவது உண்மையில் 1218. இன்னொரு பொறியும் உண்டு. அந்த 1218ஐ ஹிஜ்ரி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 1803 வரும், சுல்தான் இறந்து நாலு வருஷம் கழித்து. ஒரு வியாபாரி என்னிடம் அப்படியே சொல்லி, 'அபூர்வம் சார்' என்று மூன்று மடங்கு விலை கேட்டார். மௌலூதிக் கணக்கில் அது 1790-91, சாதாரணக் காசு.

எடையும் பாருங்கள். ஒரு பைசா காசு சுமார் 11 கிராம், இரட்டைப் பைசா அதைப் போல இரண்டு பங்கு. தேய்மானத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். சிறிய மின்னணுத் தராசு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் பாதிப் போலி அங்கேயே தெரிந்துவிடும். மிச்சப் பாதிக்கு விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். அச்சில் அடித்த காசுக்கு விளிம்பில் இணைப்புக் கோடு இருக்காது, வார்ப்புக்கு இருக்கும். மேற்பரப்பில் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தாலும் வார்ப்புதான். ஒருபோதும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளவென்று ஆனால் மதிப்புப் போய்விடும், படிக்கிற எழுத்தும் போய்விடும்.

இனி ஒரு கசப்பான விஷயம். இந்தப் பித்து நல்ல புத்தகத்தோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் மாவட்டத்திலும் தருமபுரியிலும் புதையல் பேச்சு குடும்பங்களை அழித்திருக்கிறது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று ரைஸ் புல்லிங் கோஷ்டி ஒன்று வரும், கூடவே 'திப்பு சுல்தான் ஒளித்து வைத்தது' என்ற வாலும் வரும். முன்பணம் கட்டுவதற்காக ரெண்டு ஏக்கர் மாந்தோப்பை அவசர அவசரமாகக் கிரயம் செய்ய என்னிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுத மாட்டேன், நாலு நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பினால் பக்கத்துக் கடையில் எழுதிக்கொள்வார்கள். கோட்டைச் சுவரடியிலும் நடுகல் அடியிலும் ராத்திரியில் தோண்டுகிறவர்கள் வேறு. நடுகல் என்பது மாடு மீட்டும் புலி குத்தியும் செத்த வீரனுக்கு வைத்த கல். அதன் அடியில் பொன் இருக்கும் என்று எவன் கிளப்பிவிட்டானோ தெரியாது, கல்லைக் கவிழ்த்துப்போட்டுவிட்டுப் போகிறார்கள்.

சட்டம் தெரிந்தால் ஆசை கொஞ்சம் தணியும். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஜெயில். தெரிவித்தால் எல்லாமே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசோ வாளோ வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். எனவே காசு வாங்கினால் ரசீது வாங்குங்கள். ரசீது தராதவரிடம் வாங்காதீர்கள்.

பொருளை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்ப்போம், அங்கேதான் மனசு கனக்கும். திப்புவின் பிள்ளைகளையும் அந்தப்புரத்துப் பெண்களையும் வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். புதுத் தலைப்பாகை, தாடி மழிப்பு, நெற்றிக் குறி அழிப்பு என்று கம்பெனி போட்ட உத்தரவுகள் காரணம். முந்தின நாள்தான் கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். கொடிமரத்தில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டில் இருந்து கில்லஸ்பி என்ற ஆங்கிலத் தளபதி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். பழி இளவரசர்கள் மேல் விழுந்து, குடும்பம் கல்கத்தாவுக்குப் போயிற்று. டாலிகஞ்ச் பக்கம் குடிவைத்தார்கள். கடைசி வரை செல்வாக்கோடு இருந்த மகன் குலாம் முகமது. தர்மதலாவில் 1842இல் அவர் கட்டிய திப்பு சுல்தான் மசூதி இன்றும் நகரத்தின் அடையாளம். அந்த வம்சத்தில் வந்த நூர் இனாயத் கான் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக பிரான்ஸில் உளவு வானொலி இயக்கி, 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். மூதாதையைக் கொன்ற நாடு அவருக்கு 1949இல் ஜார்ஜ் சிலுவை என்ற வீர விருது கொடுத்தது.

போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கிருஷ்ணகிரி மலைக்கு வெயில் ஏறுமுன் ஏறுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், குரங்கு எதிரில் பையைத் திறக்காதீர்கள். மேலே தர்கா இருக்கிறது, அதற்குரிய மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். நேரம் இருந்தால் ராயக்கோட்டைக்கும் போங்கள், அதை 1791இல் கம்பெனிப் படை பிடித்தது. வேலூரில் கோட்டைக்குள் திப்பு மஹால், ஹைதர் மஹால் பக்கம் உள்ளே விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டைக்கு வெளியே சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஹைதரின் மனைவி பக்ஷி பேகம் முதலானவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. வேலூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது, பொறுமையாக விசாரியுங்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்குங்கள். கும்பஸ் என்ற கல்லறை மண்டபத்தில் ஹைதர், அவர் மனைவி, திப்பு மூவரும் அடுத்தடுத்து. உள்சுவர் முழுக்கப் புலிவரி. அங்கே கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். தரியா தௌலத்தில்தான் உட்கார வேண்டும். 1784இல் கட்டிய தேக்கு மாளிகை. மேற்குச் சுவரில் பொள்ளிலூர்ச் சண்டை பெரிய ஓவியமாக இருக்கிறது. பல்லக்கில் காயத்தோடு உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிற, தோற்ற ஆங்கிலத் தளபதி கர்னல் பெய்லியைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் பின்னால் வரும் ஹைதரையும் திப்புவையும். புகைப்படத்தை முன்பே அச்செடுத்துக்கொண்டு போனால் எது யார் என்று தேடி நிற்க வேண்டாம்.

வீட்டில் உட்கார்ந்தபடியே தேடுகிறவர்களுக்குப் பாராமகால் ஆவணங்கள் இருக்கின்றன. ரீட் காலத்து அறிக்கைகளை மெட்ராஸ் அரசு 1907 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டது. நிர்வாகம், குடிகள், விளைபொருள், சொத்து, நிலவரி, சுங்கம் என்று தலைப்பு தலைப்பாக இருக்கும். இணையத்தில் சில பகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, மற்றவற்றுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்து கன்னாபின்னாவென்று இருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் நம் ஊர் என்று தெரியும். அதற்குப் பிந்தைய தாள்களைக் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. 2004 வரை நாம் தருமபுரி மாவட்டம், 1965 வரை தருமபுரியே சேலம் மாவட்டம். சேலத்தில் தேடுங்கள். முதலில் சுங்கப் பகுதியைத் திறக்கச் சொல்வேன். எந்தச் சாவடியில் எந்தச் சரக்குக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று வரிசையாக இருக்கும்.